விண்டோஸோடு சேர்த்து டிரைவை வேறு லேப்டாப்புக்கு மாற்றுவது எப்படி?

என் அத்தை டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில். போன மாதம் லேப்டாப்பின் ஹிஞ்ச் உடைந்து டிஸ்ப்ளே போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் இன்னொன்று வாங்கினார். "புதுசா விண்டோஸ் போட்டுத் தரேன் அத்தை" என்றேன். "பேஜ்மேக்கர் சிடி கீறல் விழுந்து போச்சுடா. எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கணும்" என்றார். அதனால் விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் எஸ்எஸ்டி டிரைவையே கழற்றி, வாங்கிய லேப்டாப்பில் மாட்டினேன்.

கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். பழைய மெஷின் ஓடும்போதே செய்யவேண்டியவைதான் முக்கியம். டிஸ்ப்ளே போனாலும் ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால் படம் வரும். அத்தை வீட்டு ஹாலில் அப்படித்தான் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிரைவில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்த பல லேப்டாப்களில், நாம் கேட்காமலேயே என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். அதைத் திறக்கும் சாவி மதர்போர்டின் டிபிஎம் சிப்பில் இருக்கிறது. டிரைவை வேறு போர்டில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். சில வருடம் முன்பு, தண்ணீர் கொட்டிச் செத்துப்போன நண்பனின் லேப்டாப்பிலிருந்து டிரைவை எடுத்து மாட்டினேன். நீலத் திரையில் கீ கேட்டது. எந்த மெயிலில் கணக்குத் தொடங்கினான் என்றே அவனுக்கு நினைவில்லை. அவன் மகளின் முதல் வருடப் போட்டோக்கள் இன்னும் அதற்குள்தான் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, டீகிரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள். கீயையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் (மெஷின் விண்டோஸை எழுப்பும் முறை) புதிய யுஇஎஃப்ஐயா, பழைய லெகசியா என்று பாருங்கள். புது மெஷினிலும் அதே மோட் வேண்டும். இப்போது வரும் பல லேப்டாப்களில் லெகசியே கிடையாது. பழையது லெகசியாக இருந்து, புதியதில் அது இல்லையென்றால், விண்டோஸ் 10-இல் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால், பேக்கப் எடுத்த பிறகு, பழைய மெஷினிலேயே டிஸ்க்கை யுஇஎஃப்ஐக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் லைசென்ஸை இப்போதே சரண்டர் செய்யுங்கள்.

டிரைவ் பொருந்துமா என்றும் பாருங்கள். 2.5 இன்ச் சாட்டா என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. குச்சி போன்ற எம்.2 வகையில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஸ்லாட் எதை ஏற்கும் என்று உறுதி செய்த பிறகே லேப்டாப்பை வாங்குங்கள்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். சார்ஜரை உருவி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களில் நீளமும் குட்டையும் கலந்திருக்கும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வரும். நான் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டிவைப்பேன். 2.5 இன்ச் டிரைவைத் தூக்காமல், படுக்கைவாட்டில் நேராக இழுங்கள்.

புது மெஷினின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) சாட்டா மோட், பழையதில் இருந்ததுபோலவே இருக்கட்டும், பெரும்பாலும் ஏஹெச்சிஐ. மாறியிருந்தால் 'இன்னாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் நின்றுவிடும். முதல் பூட்டில் 'கெட்டிங் டிவைசஸ் ரெடி' என்று சில நிமிடம் ஓடும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். வைஃபை வராவிட்டால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டு விண்டோஸ் அப்டேட் ஓட்டுங்கள், டிரைவர்கள் இறங்கும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பழைய மதர்போர்டோடு போய்விடும். ஆனால் புது மெஷின் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையதோடு வந்திருந்தால் அதன் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். ஹோமுக்கு ஹோம், ப்ரோவுக்கு ப்ரோ என்று எடிஷன் ஒத்துப்போனால் ஆக்டிவேட் ஆக வாய்ப்பு அதிகம்.

கடைசியாக பிரிண்டர். புது மெஷினில் செருகியதும் அதே பிரிண்டர் 'காப்பி 1' என்று இன்னொன்றாக வந்தது, டிஃபால்ட் பழையதிலேயே நின்றது. பேஜ்மேக்கர் பிரிண்டரைப் பார்த்துத்தான் பக்கத்தை அமைக்கும். அதனால் டிஃபால்ட்டை மாற்றிய பிறகே, பாதியில் நின்ற பத்திரிகையை அத்தையைத் திறக்கச் சொன்னேன்.