வி1 நியூரானுக்கு மாடல் போடுறப்ப சறுக்குற இடங்கள்

வி1ங்கிறது கண்ணுல இருந்து வர்ற சேதி கார்டெக்ஸ்ல முதல்ல வந்து சேர்ற விஷுவல் கார்டெக்ஸ் பகுதி; ஒரு படத்தைக் காட்டினா அங்க இருக்கிற செல் எப்படி பதில் சொல்லும்னு கணிக்கிறதுதான் இங்க மாடல். ஸ்பைக் (செல் விடுற குட்டி மின் துடிப்பு) வந்த ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்க்ரீன்ல என்ன ஓடுச்சோ அதையெல்லாம் கூட்டி சராசரி எடுத்தா அந்த செல்லுக்குப் புடிச்ச படம் கிடைச்சிரும், விஷுவல் கார்டெக்ஸ் பக்கம் வர்றவங்க முதல்ல கத்துக்கிறது இதத்தான். சிம்பிள் செல்லுக்கு (கோடு சரியான இடத்துல, சரியான நிறத்துல இருந்தாதான் பதில் தர்ற வகை) அருமையா வேலை செய்யும், கருப்பு வெள்ளை பட்டையா காபர் ஃபில்டர் (படத்துல எங்க வெளிச்சம், எங்க இருட்டு வேணும்னு சொல்ற, ஓரத்துல மங்குற பட்டை வடிவம்) மாதிரி வந்து நிக்கும். அதே கணக்கை காம்ப்ளெக்ஸ் செல் டேட்டால ஓட்டினா பெரும்பாலும் வெறும் புள்ளிப்புள்ளியாதான் வரும், உடனே "இந்த செல் எதுக்குமே அசையல"ன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க! காம்ப்ளெக்ஸ் செல்லுக்கு கோட்டோட சாய்வு சரியா இருந்தா போதும், கோடு வெள்ளையா கருப்பா, கொஞ்சம் இப்படி தள்ளியா அப்படி தள்ளியான்னு அது பாக்கவே பாக்காது, எல்லாத்துக்கும் ஸ்பைக் விடும், அதனால சராசரி எடுக்கிறப்ப பிளஸ்ஸும் மைனஸும் அடிபட்டுப் போயிடுது. நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனையில இந்த ரெண்டு வகை செல்லையும் 1962லயே விவரமா பிரிச்சுக் காட்டிட்டாங்க. இதுக்கு 1985ல அடெல்சனும் பெர்கனும் சொன்ன எனர்ஜி மாடல் பொருந்தும்: ஃபேஸ் (பட்டைகள் நிக்கிற இடம்) கால் சுத்து தள்ளின ரெண்டு ஃபில்டர், ரெண்டோட அவுட்புட்டையும் ஸ்கொயர் பண்ணி கூட்டணும். டேட்டால இருந்து அந்த ஃபில்டர்களை எடுக்க சராசரி போதாது, ஸ்பைக் வந்தப்ப ஓடின படங்கள்ல எந்தெந்த பிக்சல் சேர்ந்து மாறுதுங்கிற கோவேரியன்ஸ் பாக்கணும்.

நிஜ போட்டோ காட்டினா இன்னொரு சிக்கல், பக்கத்து பிக்சல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால ஃபில்டர் மங்கலா வரும், அதைத் திருத்தாம வரைஞ்சிராதீங்க.

அப்புறம் கான்ட்ராஸ்ட், அதாவது படத்துல வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம். லீனியர் ஃபில்டர்ல கான்ட்ராஸ்ட்டை ரெண்டு மடங்காக்கினா பதிலும் ரெண்டு மடங்கு, ஆனா நிஜ செல் ஒரு கட்டத்துக்கு மேல ஏறாது. செல்லுக்குப் புடிச்ச கோட்டு மேல குறுக்கா இன்னொரு கோட்டைப் போட்டா பதில் குறையவே செய்யும். 1992ல ஹீகர் சொன்ன மாதிரி பக்கத்து செல்களோட மொத்த ஆக்டிவிட்டியால வகுத்தா இது ரெண்டுமே வருது, அந்த ஒரு வகுத்தலை விட்டுட்டு நூறு பாராமீட்டர் சேர்க்கிறதுல என்ன புண்ணியம்?

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது இதுதான், நல்ல மாடலையே கெட்டதுன்னு தள்ளிடுறாங்க. ஒரே படத்தைப் பத்து தடவை காட்டினா ஒரு தடவை 2 ஸ்பைக், ஒரு தடவை 7ன்னு வரும், இந்த ஏற்ற இறக்கத்தை படத்தை மட்டும் பாக்குற எந்த மாடலாலயும் சொல்ல முடியாது. மொத்த வேரியன்ஸ்ல (பதில் எவ்வளவு ஏறி இறங்குதுங்கிற அளவு) படத்தால வர்றது 40 சதவீதம்தான்னு வைங்க, உங்க மாடல் 30 புடிச்சா அது முக்கால்வாசி, தோல்வி இல்ல. அந்த 40 எவ்வளவுன்னு தெரிய ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டணும், அதனால ரிப்பீட் எடுக்காம ரெக்கார்டிங்கை முடிக்காதீங்க. ஆனா டெஸ்ட்டுக்கு டேட்டா பிரிக்கிறப்ப அந்த ரிப்பீட்டெல்லாம் ஒரே பக்கம் இருக்கணும், அதே படம் ட்ரெய்னிங்லயும் (மாடல் கத்துக்கிற டேட்டா) இருந்தா வர்ற மார்க் பொய் மார்க்.