மழைக்காலக் காய்ச்சலும் பள்ளிப் பிள்ளைகளும்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தைப் பனி விலகும் வரை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் காய்ச்சல் பயம்தான். சளிக் காய்ச்சல் ஆளுக்கு ஆள் ஒட்டும். டெங்கு கொசுவால் வரும். இரண்டுக்கும் தடுப்பு வேறு வேறு. முதன்முதலாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஞாயிற்றுக்கிழமை அண்டா தேய்ப்பது

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய வேலை இதுதான். வளவில், அதாவது வீட்டு நடுவே திறந்திருக்கும் முற்றத்தில், நாலு பக்க ஓட்டிலிருந்தும் கொட்டுகிற மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் பாத்திரத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அண்டாவின் உள்பக்கம், தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டி உற்றுப் பாருங்கள். மண் துகள் மாதிரி கறுப்பாக ஒட்டியிருப்பவை முட்டைகளாக இருக்கலாம். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால் புளியும் தேங்காய் நாரும் போட்டு அந்த விளிம்பை அழுத்தித் தேயுங்கள். பிறகு தண்ணீர் பிடித்ததும் பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் கொல்லைக்குப் போங்கள். மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்க வேண்டாம். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால், சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி வளவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம், அந்தத் தெருவில் விளையாடுவது நம் பிள்ளைகள்.

படி 2: பகல் கொசுவுக்கு உடை

ஏடிஸ் பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். மாலையில் விளையாடப் போகும்போது முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டு அனுப்புங்கள். மதியம் தூங்கும் சின்னப் பிள்ளைக்கும் கொசுவலை கட்டுங்கள்.

படி 3: கை கழுவப் பழக்குவது

சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடுவது கட்டைவிரலையும் நக இடுக்கையும்தான். இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இரும வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தனி பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை போடுவது. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: காலையில் முடிவெடுப்பது

உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட் இருந்தால் அன்று பள்ளி வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவைப்பது சரியில்லை. மருந்து வேகம் இறங்கியதும் காய்ச்சல் திரும்பும், அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம்.

பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டையும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். அப்பத்தா கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்கச் சொன்னால், பதமாக எடுத்துச் சொல்லித் தடுத்துவிடுங்கள். தண்ணீர் கவிழ்ந்து பிள்ளை வெந்துபோகும் ஆபத்து நிஜமானது. அவர் கைப் பக்குவத்தில் கஞ்சியும் ரசமும் கேளுங்கள், இளநீரும் கொடுங்கள். ஓஆர்எஸ் (உடம்பில் நீர் வற்றாமலிருக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) கொடுப்பதென்றால் 1 லிட்டர் பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

படி 5: காய்ச்சல் இறங்கும்போது கவனிப்பது

டெங்குவில் பலர் ஏமாறும் இடம் இது. பொதுவாக 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்து தலைதூக்குவதும் அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது என இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.