புது சர்வருக்கு ரெய்டு கார்டு: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

நீடாமங்கலம் பக்கம் மாமாவின் அரிசி ஆலைக்குப் போன வாரம் புது சர்வர் போட்டேன். நெல் கொள்முதல், எடைமேடைச் சீட்டு, சம்பளம் எல்லாம் அதில்தான். நான்கு ஹார்ட் டிஸ்க். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவதுதான் ரெய்டு. அதைக் கவனித்துக்கொள்ளும் கார்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அதன் வகைகளான ரெய்டு 1, 5, 10 என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கார்டு வேண்டுமா? லினக்ஸ் என்றால், கார்டு இல்லாமல் மென்பொருளாலேயே ரெய்டு போடும் எம்டிஆட்ம் (mdadm) போதும். மதர்போர்டு போனாலும் டிஸ்க்குகளை வேறு லினக்ஸ் கணினியில் மாட்டித் தரவை எடுக்கலாம். இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறைமை) போடுபவர்களுக்கு டிஸ்க்கை அப்படியே காட்டும் எச்பிஏ கார்டுதான் சரி. மாமாவின் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதனால் கார்டு வாங்கினேன். சாதாரண மதர்போர்டின் பயாஸில் வரும் ரெய்டு வேண்டாம். அதற்குத் தனி கேஷும் (எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இல்லை, கரண்ட் போனால் அந்தக் கேஷைக் காக்கும் பேட்டரியும் இல்லை.

படி 2: நான்கு டிஸ்க்தான் என்றாலும் எட்டு போர்ட் எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு வகை) கார்டாக வாங்குங்கள். சாதாரணக் கணினிகளில் வரும் சாட்டா டிஸ்க்கும் அதில் ஓடும்.

படி 3: கேஷ். இங்கேதான் நான் அடிபட்டேன், நிதானமாகப் படியுங்கள்.

ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குக்கூட பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். மொத்தம் நான்கு வேலை. 'ரைட் பேக்' முறையில், தரவு கேஷுக்கு வந்ததுமே கார்டு "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும், அதனால் வேகம். 'ரைட் த்ரூ' டிஸ்க்கில் எழுதும்வரை காத்திருக்கும்.

பழைய சர்வரில் பேட்டரி இல்லாத கார்டு. மெதுவாக இருக்கிறதே என்று, பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே ஓடும் 'ஆல்வேஸ் ரைட் பேக்' வைத்தேன். குறுவை அறுவடை சமயம் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. கேஷில் இருந்தது போய், டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. இரண்டு நாள் எடைச் சீட்டுகளைக் கார்பன் பிரதி பார்த்து மாமாவும் கணக்குப்பிள்ளையும் மறுபடி ஏற்றினார்கள்.

ஆகவே வெறும் 'ரைட் பேக்' வையுங்கள். பேட்டரி செத்தால் கார்டே 'ரைட் த்ரூ'வுக்கு இறங்கிவிடும். ஒருநாள் திடீரென்று சர்வர் மந்தமானால் டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் பேட்டரியைப் பாருங்கள்.

பேட்டரியிலும் என் தேர்வு சூப்பர் கெப்பாசிட்டர் வகைதான். சாதாரண பேட்டரி கேஷைப் பொதுவாக 24 முதல் 72 மணி நேரம்தான் காக்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் வகை, கரண்ட் போனதுமே கேஷை ஃபிளாஷில் (கரண்ட் இல்லாமலும் தரவு அழியாத நினைவகம்) எழுதி வைத்துவிடும். அப்புறம் எத்தனை நாள் ஆனாலும் கவலையில்லை. சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்கினாலும் இதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

படி 4: கார்டின் ஹீட்சிங்க் மேல் காற்று படவேண்டும். சாதாரணக் கேபினட் என்றால் தனியாக ஒரு ஃபேன் வையுங்கள்.

பின்சேர்க்கை: மன்னார்குடியிலிருந்து ஒருவர், கார்டு தெரிகிறது, டிஸ்க் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கேபிள்தான் காரணம். கார்டிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரிவது 'ஃபார்வர்டு பிரேக்அவுட்'. அவரிடம் இருந்தது 'ரிவர்ஸ்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்றியதும் நான்கு டிஸ்க்கும் தெரிந்தன.