ப்ரோஸ்டேட் ரேடியேஷன்ல தோல் புள்ளிய மட்டும் நம்பாதீங்க

"அதான் சிடி ஸ்கேன் எடுத்து இடுப்புல புள்ளி வச்சிட்டீங்களே, தினமும் எதுக்கு மறுபடி ஸ்கேன்?" ப்ரோஸ்டேட் கேன்சருக்கு ரேடியேஷன் குடுக்கிற டெக்னாலஜிஸ்ட்டா இருக்கிற என்கிட்ட இத கேக்காத பேஷண்ட் கம்மி. அந்தப் புள்ளி உங்கள நேரா படுக்க வைக்கத்தான். ப்ரோஸ்டேட்ங்கிற ஆண்களோட சுரப்பி மூத்திரப்பைக்கு கீழ, மலக்குடலுக்கு முன்னாடி ஒட்டி இருக்கு, குடல்ல கேஸ் சேர்ந்தா முன்னாடி தள்ளிரும், காலியானா பின்னாடி வந்துரும், சில நாள் ஒரு சென்டிமீட்டர் கூட நகரும், ஆனா வெளிய தோல்ல ஒண்ணுமே தெரியாது.

எங்க பக்கம் நடக்கிற பெரிய தப்பு, எக்ஸ்ரேல இடுப்பெலும்பு கரெக்டா உக்காந்துருச்சுன்னு அதோட விட்டுடறது. எலும்பு அசையாது, ப்ரோஸ்டேட் அசையும், எக்ஸ்ரேல அது தெரியவும் தெரியாது. அதுக்குத்தான் அரிசிய விட சின்னதா எக்ஸ்ரேல தெரியற தங்க மார்க்கர், வழக்கமா 3, ப்ரோஸ்டேட்டுக்குள்ள வைக்கிறாங்க. வச்ச அன்னைக்கே பிளானிங் சிடி, அதாவது கதிர் எங்க படணும்னு கணக்கு போட எடுக்கிற முதல் ஸ்கேன், வேணாம், வீக்கம் வடியணும், ஒரு வாரம் போல விடுவாங்க.

மார்க்கர் இருந்தாலும் அதை மட்டும் பாத்தா போதாது. கோன் பீம் சிடி, அதாவது ரேடியேஷன் மெஷின்லயே தினமும் எடுக்கிற ஸ்கேன், எடுத்தா பிளான்ல வரைஞ்ச மலக்குடல் கோடு ஒல்லியா இருக்கும், இன்னைக்கு படத்துல அதே இடத்துல கருப்பா பலூன் மாதிரி கேஸ் நிக்கும். மூணு மார்க்கரும் பொருந்தியிருக்கும், ஆனா குடல் சுவர் கதிர் அதிகமா படற இடத்துக்குள்ள வந்திருக்கும். அப்ப படம் சரின்னு அக்செப்ட் பட்டன அமுக்கக்கூடாது, எறக்கி டாய்லெட் அனுப்பிட்டு மறுபடி எடுக்கணும். மொத்தமே 5 சிட்டிங்ல 36.25 கிரே (கதிரோட அளவு) குடுக்கிற முறைன்னா ஒரு நாள் தப்புனா அஞ்சுல ஒரு பங்கு போச்சு.

பிளானிங் சிடி அன்னைக்கு வயிறு சுத்தமா இல்லாம வர்றது இன்னும் மோசம், ஏன்னா அந்த தப்பு கடைசி நாள் வரைக்கும் கூடவே வரும். அமெரிக்காவுல எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டர்ல 2005ல வெளியிட்ட ஆய்வுல, பிளானிங் சிடில மலக்குடல் உப்பியிருந்தவங்களுக்கு நோய் திரும்ப வர்றது அதிகமா இருந்துச்சு.

ப்ரோஸ்டேட் எங்க இருக்குன்னு வயித்து மேல வச்சு பாக்கிற அல்ட்ராசவுண்ட்ல, கையில பிடிக்கிற கருவிய (ப்ரோப்) அழுத்தினா அந்த அழுத்தமே ப்ரோஸ்டேட்ட தள்ளும், மெதுவா வைக்கணும்.

மூத்திரப்பை நிரம்பியிருக்கத்தான் தண்ணி குடிக்கச் சொல்றோம், குடிக்காம குடிச்சேன்னு சொல்லாதீங்க ஐயா, படத்துல மூத்திரப்பை சுருங்கி கிடக்கிறது தெரிஞ்சிரும், நாங்க திட்ட மாட்டோம், அரை மணி நேரம் காத்திருந்தா சரியாயிடும். ஸ்கேன் முடிஞ்சு படுத்திருக்கும்போது கேஸ் வர்ற மாதிரி இருந்தா அடக்கிட்டு கிடக்காம அசையாம வாயால சொல்லுங்க, மைக்குல எங்களுக்கு கேக்கும், பீம நிறுத்திட்டு வந்து திரும்ப படம் எடுத்துக்கலாம்.