இங்கிலாந்தில் செய்யாத திருட்டுக்குப் பிடிபட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்

என் தோழி லண்டன் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் மெஷினில் கட்டிவிட்டு, ரசீது வேண்டாம் என்று அழுத்திவிட்டு வந்தவளை, குழந்தை வண்டியின் அடித்தட்டில் இருந்த பால்மாவு டின்னைக் காட்டி வாசலில் நிறுத்திவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் அவளுக்கு இருந்ததாம்.

நம் ஆட்கள் மாட்டுவது அங்கேதான். போலீஸ் "காஷன் ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று கேட்டால், எச்சரித்து விட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அதை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. கோர்ட் தண்டனை இல்லைதான், ஆனால் பராமரிப்பு வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் கேட்கிற டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனையில் 6 வருடம் வரை வரும், சில குற்றங்களுக்கு அதற்குப் பிறகும் வரும், விசா படிவத்திலும் கேட்பார்கள். செய்யாததற்குக் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கைது செய்யும்போது சொல்லும் வாசகத்துக்கும் காஷன் என்றுதான் பெயர், அது வேறு. பேச வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பின்னால் கோர்ட்டில் சொல்லப் போவதை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது பாதகமாகலாம் என்பது அதன் பொருள். வாயை மூடுவதா, பேசுவதா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், "ட்யூட்டி சொலிசிட்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். ட்யூட்டி சொலிசிட்டர் என்பவர் போலீஸைச் சேராத வக்கீல். அவரும் மொழிபெயர்ப்பாளரும் இலவசம், சம்பளம் எவ்வளவு என்று யாரும் பார்க்க மாட்டார்கள். கைது செய்யாமல் "சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும் அந்த உரிமை உண்டு. வக்கீல் கேட்டால் தப்பு செய்தவர் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கேமரா பதிவு. பல கடைகளில் ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும், ஆகவே அன்றைக்கே தேதி, நேரம், என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று எழுதி, உங்கள் உருவம் உள்ள பதிவைத் தரும்படி கடைக்கு மெயில் போடுங்கள். அது சட்டப்படி உங்கள் உரிமை. பேங்க் ஆப்பில் மொத்தத் தொகை மட்டும்தான் தெரியும். டின்னை அவள் ஸ்கேன் செய்ததைக் காட்டியது கேமராதான்.

ஊர்ப் பேச்சுக்கு வருவோம். வாட்ஸ்அப் குரூப்பில் விளக்கம் எழுதி மல்லுக்கட்டாதீர்கள், நீங்கள் எழுதுவதே வழக்கில் வந்து நிற்கலாம். நெருக்கமான இரண்டு மூன்று பேருக்கு நீங்களே முதலில் நேரில் சொல்லிவிடுங்கள். பெயரைக் கெடுத்து எழுதுவதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள், அவதூறு வழக்குக்கு இங்கே 1 வருடம்தான் கெடு.

மேல் நடவடிக்கை இல்லை என்று முடிந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் எடுத்த போட்டோவை அழிக்கச் சொல்லியும் தனியாக எழுதிக் கேளுங்கள், அவளும் அப்படித்தான் கேட்டாள்.