காசியில் இரண்டு நாள்: தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசி என்றால் ஒரு காலத்தில் ஆயுளில் ஒருமுறை போகும் யாத்திரை. இப்போது வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல் வரும் விடுமுறையைப் பிடித்து, விமானத்தில் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வருகிறார்கள். செய்ய வேண்டிய காரியம் ஏதும் இல்லை. ஊரைப் பார்க்க வேண்டும், கங்கைக் கரையில் சேர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல விஷயம். ஆனால் போகும் நோக்கம் மாறினாலும் கையில் இருக்கும் திட்டம் பழைய யாத்திரைத் திட்டமாகவே இருக்கிறது. பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அதில் முதலாவது, "அவ்வளவு தூரம் போகிறோம், அப்படியே கயாவையும் அயோத்தியையும் பார்த்துவிடலாம்" என்கிற எண்ணம். காசியிலிருந்து பிரயாக்ராஜ் சுமார் 120 கிலோமீட்டர். அயோத்தி 200, கயா 250 கிலோமீட்டர் வரும். இரண்டு நாளில் இதில் ஒன்றைச் சேர்த்தால்கூட ஒரு முழுப் பகல் காரில் போய்விடும். முன்னோர் காரியத்துக்காகப் போகிறவர்களுக்கு அந்த ஊர்கள் கட்டாயம்; அவர்கள் அதற்கேற்ப நாட்களை ஒதுக்கிப் போவார்கள். ஊர் பார்க்கப் போகும் இருவருக்குக் காசி மட்டும் போதும். பெரியவர்கள் "அவ்வளவு தூரம் போயும் கயாவுக்குப் போகவில்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அடுத்த முறை அவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது தவறுதான் பெரியது. நதியின் நேரத்தைப் பார்க்காமல் நம் வசதிக்கு நேரம் குறிப்பது.

கங்கை இந்த ஊரில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகளும் கிழக்கைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. எதிர்க்கரையில் பெரும்பாலும் வெறும் மணல்வெளி. அதனால் மறைக்க எதுவும் இல்லாமல் சூரியன் நேரே ஆற்றுக்கு மேலே எழும்புகிறது. முதல் வெளிச்சம் படிகளிலும் மாளிகைச் சுவர்களிலும் விழுகிறது. மாலையில் இதற்கு நேர்மாறு. சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும், படிகளில் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும். "கங்கையில் சூரிய அஸ்தமனம்" பார்க்கலாம் என்று மாலையில் படித்துறைக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். விடுமுறைதானே என்று காலையில் தூங்கி, பத்து மணிக்குக் கிளம்பி, கொதிக்கும் கல்படிகளில் நடந்து, "இவ்வளவுதானா காசி?" என்று திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டு காலைகளில் ஒன்றையாவது விடியலுக்கு முன்பே கரையில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். அசி கட்டத்தில் (படித்துறையை இங்கே கட்டம் என்பார்கள்) விடியலுக்கு முன்பே ஆரத்தியும், அதைத் தொடர்ந்து இசையும் நடக்கும். அங்கிருந்து நாளைத் தொடங்குவது அருமையாக இருக்கும்.

அந்த வேளைக்குப் படகு எடுப்பதாக இருந்தால், துடுப்புப் படகு கிடைக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் படகு எல்லாக் கட்டங்களையும் காட்டிவிடும், ஆனால் அந்தச் சத்தத்தில் இருவரும் பேசிக்கொள்ளக்கூட முடியாது. ஏறுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும்: சொன்ன தொகை தலைக்கா, படகுக்கா, எந்தக் கட்டம் வரை, எவ்வளவு நேரம். இதைப் பேசாமல் ஏறிவிட்டு இறங்கும்போது வாக்குவாதம் செய்வதில் ஒரு காலையே கெட்டுப்போகும்.

படகில் பார்த்தாயிற்று என்று நடையை விட்டுவிடாதீர்கள். அசியிலிருந்து தசாஸ்வமேத கட்டம் வரை மூன்று கிலோமீட்டருக்குள்தான். படித்துறை வழியாகவே நடந்துவிடலாம். நடுவில் அனுமன் கட்டம், கேதார் கட்டம் பக்கம் தமிழ்க் குரல்கள் கேட்கும். பாரதி இளமையில் சில ஆண்டுகள் வாழ்ந்த வீடு அனுமன் கட்டத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் கேதார் கட்டத்தில் இருக்கிறது. வரிசையில் நின்று பார்க்கும் இடங்களைவிட இந்த நடையில்தான் காசி நமக்கு நெருக்கமாகிறது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் ஆறு இடம் கொடுத்தால்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெள்ளம் ஏறினால் படிகள் மூழ்கிவிடும், படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தியைக்கூட மேலே இடம் மாற்றி நடத்துவார்கள். வெள்ளம் வடிந்த கையோடு போனாலும் படிகளில் வண்டல் படிந்து கிடக்கும், தொடர்ந்து நடக்க முடியாது. மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நவம்பர், பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, இவைதான் சுகம். கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளிக்குப் படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அன்று அறையும் படகும் கிடைப்பது கஷ்டம், விலையும் பல மடங்கு. அமைதியாக இரண்டு நாள் இருக்க நினைப்பவர்களுக்கு அந்த நாள் ஏற்றதல்ல.

மாலை ஆரத்திக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நின்றால் தெரிவது முன்னால் நிற்பவர்களின் தலைகளும் செல்போன்களும்தான். தசாஸ்வமேதத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். ஆரத்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆற்றைப் பார்த்து நிற்பதால், படகிலிருந்து பார்த்தால் முகம் தெரியும். கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றால் அசியிலும் மாலை ஆரத்தி உண்டு, நெரிசல் குறைவு.

விசுவநாதர் கோயிலில் தம்பதிகள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே செல்போன், பை, கேமரா எதற்கும் அனுமதி இல்லை. பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகம் ஆற்றங்கரை வரை நீள்கிறது, வாசல்களும் பல. கூட்டத்தில் ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் இன்னொரு பக்கமுமாக வெளியே வந்துவிட்டால் கூப்பிட்டுக் கேட்க போன் இருக்காது. உள்ளே போகும் முன்பே "பிரிந்துவிட்டால் இந்த வாசலில், இந்தக் கடைக்கு முன்னால்" என்று ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் தனித்தனியாக இருக்கட்டும். பெட்டகத்துக்காகப் பூஜைப் பொருள் கடைகளில் பொருளை வைத்தால், கூடவே ஒரு பூஜைத் தட்டையும் வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். விலையை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கட்டண தரிசனம் வேண்டுமென்றால் கோயிலின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். தெருவில் "சீக்கிரம் அனுப்புகிறேன்" என்று வருபவரை நம்பத் தேவையில்லை. திங்கட்கிழமை கூட்டம் கூடும். அதுவும் வடநாட்டுச் சிராவண மாதத் திங்கள் என்றால் வேறு வேலையே நடக்காது. ஒருவருக்கு வரிசையில் நிற்க விருப்பம், மற்றவருக்கு இல்லை என்றால், அவர் போய்வரட்டும், இவர் படியில் உட்காரட்டும். எல்லா இடத்துக்கும் இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

சிதைகள் எரியும் மணிகர்ணிகாவிலும் அரிச்சந்திர கட்டத்திலும் போனை வெளியே எடுக்காதீர்கள். அங்கே எரிவது ஒருவருடைய அப்பாவோ மனைவியோ. தூரத்தில், படகிலிருந்து எடுத்தாலும் அது சரியல்ல. அங்கே ஒருவர் வந்து தானாகவே விளக்கம் சொல்லிவிட்டு, ஏழைகளின் தகனத்துக்கு விறகு வாங்கப் பணம் கேட்டால், கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆற்றைப் பார்த்த அறை என்றதும் ஆசைப்பட்டுப் பதிவு செய்வார்கள். அந்த விடுதிகள் பலவற்றுக்குக் கார் வராது. சந்துகளில், படிகளில், மாடுகளுக்கு நடுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சக்கரப் பெட்டி அங்கே சுமைதான், தோளில் மாட்டும் பை போதும். எந்த முனையில் வண்டி நிற்கும், அங்கு வந்து அழைத்துப் போவார்களா என்று முன்பே போனில் கேளுங்கள். நடப்பது சிரமம் என்றால் அசிப் பக்கம் தங்குவது எளிது.

பனாரஸ் பட்டு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆட்டோக்காரர் தானாக அழைத்துப் போகும் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் புடவை விலையில்தான் ஏறும். பட்டு முத்திரை இருந்தால் நூல் பட்டு என்றுதான் அர்த்தம். தறி எது என்று அது சொல்லாது. கைத்தறியா என்று அறிய கைத்தறி முத்திரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். விசைத்தறிப் புடவையைக் கைத்தறி விலைக்கு வாங்குவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

சாரநாத் பத்து கிலோமீட்டர்தான், அரை நாள் போதும். ஆனால் நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கங்களின் மூலச் சிற்பத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

திரும்பும்போது ரயில் என்றால் டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வாரணாசி சந்திப்பு வேறு, முன்பு மண்டுவாடீ என்றிருந்த பனாரஸ் வேறு, வாரணாசி சிட்டி வேறு. முன்னாள் முகல்சராய், இப்போதைய தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். மறுநாள் காலையே ஆபீஸ் போக வேண்டும் என்ற நிலையில் அந்த மாதங்களில் டிக்கெட் போடாதீர்கள்.