டிராஃப்ட் பீரை கேஸ் போகாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? க்ரௌலர் வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

க்ரௌலர் என்றால் மூடி போட்ட பெரிய குடுவை. கடையில் கொடுத்தால் டேப்பிலிருந்து, அதாவது பீப்பாயோடு இணைத்த குழாயிலிருந்து, டிராஃப்ட் பீரை நேராகப் பிடித்துத் தருவார்கள். குடித்து முடித்துக் கழுவி வைத்தால் அடுத்த தடவையும் அதையே எடுத்துப்போகலாம். அவ்வளவு எளிய பொருள். அப்படியிருந்தும் வாங்கியவர்களில் நிறையப் பேர் கொஞ்ச நாளிலேயே அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கடையில் குடித்தபோது பிரமாதமாக இருந்த பீர், வீட்டில் ஊற்றினால் சப்பென்று இருக்கிறது.

எனக்கும் இதே பிரச்சினை வெகுநாள் இருந்தது. இப்போது இல்லை. என்னென்ன செய்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். குடுவையைக் குளிரவைப்பது பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். பெரும்பாலானவர்களின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எந்தக் குடுவை வாங்குவது?

நாம் இன்று பார்க்கும் கண்ணாடி க்ரௌலர் 1989-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஓட்டோ பிரதர்ஸ் என்ற சிறிய பீர் ஆலையில் ஆரம்பித்தது. அரை கேலன், அதாவது 64 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 1.9 லிட்டர். இன்றும் பரவலாகக் கிடைப்பது அந்த அளவுதான். அதில் பாதியாக 946 மில்லிலிட்டர் குடுவையும் உண்டு.

தனியாகவோ இரண்டு பேராகவோ குடிப்பவர்கள் சின்னதையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. திறந்த க்ரௌலர் தாங்காது. 5 சதவீத பீர் 1.9 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 75 கிராம் ஆல்கஹால். வீணாகப் போய்விடுமே என்று ஒரே ஆள் ஒரே இரவில் முடிக்கவேண்டிய அளவு அது இல்லை.

கண்ணாடியா, ஸ்டீலா? கண்ணாடி என்றால் பழுப்பு நிறம் மட்டும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவான ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகி, பீர் கெட்ட வாடை அடிக்கும். நேர் வெயிலில், நிறமில்லாத கண்ணாடியில், சில நிமிடமே இதற்குப் போதும். பச்சைக் கண்ணாடியும் பெரிதாகத் தடுக்காது. இரட்டைச் சுவர் ஸ்டீல் குடுவையில் வெளிச்சமே புகாது, குளிரும் மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஒழுங்காகக் கழுவும் பழக்கம் வரும்வரை கண்ணாடி, அப்புறம் ஸ்டீல். நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்.

சின்ன கேஸ் கார்ட்ரிட்ஜும் (கார்பன் டை ஆக்ஸைடு அடைத்த குப்பி) அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் டேப்பும் சேர்ந்து வரும் பிரஷர் க்ரௌலரும் இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு அது நல்ல பொருள். ஆரம்பத்திலேயே அவசியம் இல்லை. வாங்கினால் உணவுத் தரக் கார்ட்ரிட்ஜ் மட்டும் போடுங்கள். ஏர்கன்னுக்கு விற்பதில் எண்ணெய் கலந்திருக்கலாம்.

மூடி

குடுவையோடு வரும் சாதாரணத் தகர மூடியைத் தூக்கிப் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. உட்பக்கம் கூம்பு வடிவத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் வைத்த திருகுமூடி தனியாகக் கிடைக்கிறது. திருகும்போது அந்தக் கூம்பு குடுவையின் வாய்க்குள் இறங்கி அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். வழக்கமான 1.9 லிட்டர் குடுவைக்கு 38 மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். வாங்கும் முன் உங்கள் குடுவையின் வாயை ஒருமுறை அளந்துவிடுங்கள். கம்பிக் கொக்கி போட்டு இழுத்து மூடும் வகை என்றால் அதன் ரப்பர் வாஷரைப் பாருங்கள். விரலால் அமுக்கினால் மீண்டு எழவேண்டும். விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள்.

கழுவுதல்

கழுவும் நேரம், கடைசிக் கோப்பையை ஊற்றியவுடன். மறுநாள் காலை என்று தள்ளினால் அடியில் நின்ற நுரை காய்ந்து, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் வரும் வெந்நீரைப் பாதி பிடித்து, குலுக்கி, கொட்டி, இரண்டு மூன்று தடவை அலசினால் போதும். உடனே செய்துவிட்டால் வேறு எதுவும் தேவைப்படாது. கொதிக்கும் நீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

காய்ந்துபோய்விட்டது என்றால் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கழுத்தும் உடம்பும் சேரும் வளைவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தெரியும். பிரஷ் அந்த வளைவுக்குச் சரியாக எட்டாது. ஆக்சிஜன் வகைக் கழுவுத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். பிறகு நன்றாக அலசுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தவிர்ப்பது நல்லது. அதன் மிச்சம் துளி இருந்தாலும் நுரை நிற்காது. ஸ்டீலுக்கு பிளீச் கூடவே கூடாது, உள்ளே புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

கழுவியதைக் கவிழ்த்து வையுங்கள். மூடியைத் தனியாக வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த குடுவை நிச்சயம் முடைநாற்றம் அடிக்கும். எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் வாயில் மூக்கை வைத்து முகருங்கள். எந்த வாசனையும் வரக்கூடாது. கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநீக்கியை லிட்டருக்கு ஒன்றரை மில்லி வீதம் கலந்து, உள்ளே எல்லாப் பக்கமும் படவிட்டு, இரண்டு நிமிடத்தில் கொட்டிவிடலாம். அந்த அளவில் கலந்தால் மறுபடி அலசத் தேவையில்லை.

குளிரவைத்தல்: எல்லோரும் விட்டுவிடும் படி

பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, குளிர்ச்சி இருக்கும்வரைதான் அடங்கி இருக்கும். டேப்பில் பீர் சுமார் 3 டிகிரி செல்சியஸில் வருகிறது. உங்கள் குடுவையோ அறைச் சூட்டில் இருக்கிறது. பீர் அந்தச் சுவரைத் தொட்டவுடன், தொட்ட இடத்திலெல்லாம் கேஸ் பிரிந்து நுரையாகப் பொங்கும். டேப் பிடிப்பவர் நிறுத்துவார், நுரை அடங்கக் காத்திருப்பார், மறுபடி ஊற்றுவார், மறுபடி பொங்கும். குடுவை நிரம்புவதற்குள் நிறைய கேஸ் உங்கள் கண்முன்னாலேயே போயிருக்கும். வீட்டுக்கு வந்தபின் எந்த மூடி போட்டும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூடியில் கசிவு, கடையில் பழைய பீர் என்று நாம் காரணம் தேடிக்கொண்டிருப்போம். பல சமயம் குடுவையின் சூடுதான் காரணம்.

கண்ணாடிக் குடுவையை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கடை தூரம் என்றால் குளிர் தாங்கும் பையில் ஐஸ் பேக்கோடு எடுத்துப்போங்கள்.

ஸ்டீல் குடுவையில்தான் சூட்சுமம். மூடிய ஸ்டீல் குடுவையை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் உட்சுவர் எளிதில் குளிராது. இரண்டு சுவருக்கும் நடுவில் வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கும் அதே வெற்றிடம், வெளிக்குளிரையும் தடுக்கிறது. வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், அதை நம்பக்கூடாது. ஐஸும் தண்ணீருமாக உள்ளே ஊற்றி மூடி, அப்படியே கடைக்கு எடுத்துப்போய், நிரப்பக் கொடுப்பதற்குச் சற்று முன் கொட்டிவிடுங்கள். வெறும் ஐஸ்கட்டி போதாது. தண்ணீரும் இருந்தால்தான் சுவர் முழுக்கக் குளிர் பரவும். பத்து நிமிடம் போதும், வழிப்பயணத்திலேயே வேலை முடிந்துவிடும். கொட்டியபின் உள்ளே ஐஸ் துண்டு எதுவும் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கவனிக்கவேண்டியவை

முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். க்ரௌலர் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் அந்த ஆலையின் சொந்தக் குடுவையை மட்டுமே நிரப்புவார்கள். சில இடங்களில் லேபிளோ சீலோ ஒட்டவேண்டும்.

எப்படி நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று விதம் உண்டு. குடுவையை இறுக்கி, கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றி, அந்த அழுத்தத்துக்கு எதிராக பீரை இறக்கும் இயந்திரம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. காற்று கிட்டத்தட்ட உள்ளே சேராது, திறக்காமல் வாரக்கணக்கில்கூட வைக்கலாம். அடுத்தது, டேப்பில் ஒரு நீளக் குழாயைச் செருகிக் குடுவையின் அடியிலிருந்து நிரப்புவது. மூன்றாவது, டேப்பின் கீழ் குடுவையை நேராக நீட்டிப் பிடிப்பது. அந்தக் கடையில் நான் கோப்பையில் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

குழாய் வைத்து நிரப்பும்போது அதன் முனை அடியைத் தொடவேண்டும், பீர் ஏற ஏற அதற்குள்ளேயே மூழ்கி இருக்கவேண்டும். டேப்பை முழுதாகத் திறக்கவேண்டும். பாதி திறந்தால் நுரைதான் வரும். நிரப்பும் முன் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே அடித்துக் காற்றை வெளியேற்ற முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், வசதி உள்ள கடைகள் செய்து தருவார்கள். கடைசியில் நுரை வாய்வரை வந்து வழியும்போது குழாயை உருவி, அந்த நுரையின் மேலேயே மூடியைத் திருகவேண்டும். நுரை நிற்கும் இடத்தில் காற்றுக்கு இடமில்லை. நுரையை வழித்துவிட்டு அழகாக மூட யாராவது முயன்றால் அப்படியே மூடச் சொல்லுங்கள்.

அதற்காக பீரையே விளிம்புவரை ஏற்றச் சொல்லக்கூடாது. குழாயை உருவியதும் மட்டம் கழுத்துக்கு இறங்கவேண்டும். குடுவையில் அளவுக்கோடு இருந்தால் அதோடு நிறுத்தவேண்டும். அந்த இடைவெளி ஏன் வேண்டும் என்பது அடுத்து வருகிறது.

எந்த பீர்? நைட்ரஜன் கலந்து தரும் நைட்ரோ வகையை க்ரௌலரில் வாங்காதீர்கள். அதன் மென்மையான நுரை டேப்பின் முனையில் உருவாகும் விஷயம், நைட்ரஜன் பீரில் தங்காது. ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகை வாங்கினால் அன்றோ மறுநாளோ குடித்துவிடுங்கள். ஹாப்ஸ் வாசனைதான் முதலில் மங்கும்.

வீட்டுக்கு வரும் வழி

சாதாரண பீர் 3 டிகிரியில் மூடிய குடுவைக்குள் கொடுக்கும் அழுத்தம் சுமார் 11 பிஎஸ்ஐ. அதே பீர் 20 டிகிரிக்குச் சூடேறினால் 27, 28 பிஎஸ்ஐக்குப் போய்விடும். சாதாரணக் கண்ணாடி க்ரௌலர் அப்படிப்பட்ட அழுத்தத்துக்காகச் செய்ததில்லை. சூடேறும் பீர் விரிய இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் குடுவை வெடிக்கலாம். கண்ணாடித் துண்டுகள் பறக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடக்கக்கூடிய விஷயம். நிமிர்த்தி வைத்து, குளிர்ப் பையில் போட்டு, நேராக வீட்டுக்கு வாருங்கள். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்தால் பீர் விரிந்து குடுவையை உடைக்கும். கடையில் ருசி பார்த்துவிட்டு நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்.

வைப்பதும் ஊற்றுவதும்

ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். குழாய் வைத்து நிரப்பியது என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் திறந்துவிடுவது நல்லது. திறந்தபின் அன்றே முடிப்பது உத்தமம், மிஞ்சிப்போனால் மறுநாள்.

ஊற்றும்போது கோப்பைகளை வரிசையாக வைத்து, குடுவையைச் சாய்த்த கையை நிமிர்த்தாமல் அடுத்தடுத்து ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் உள்ளே பீர் குலுங்கி கேஸ் பிரியும், காற்றும் புகும்.

பின்சேர்க்கை 1: எல்லாம் செய்தும் திறக்கும்போது 'ஸ்ஸ்' சத்தமே வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மூடியைச் சோதியுங்கள். கால் குடுவை சோடா ஊற்றி, இறுக்கி மூடி, குலுக்கி, கழுத்தை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், பஞ்சரான டியூபைப் பார்ப்பது போல. குமிழி வந்தால் வாஷரோ மூடியோ போய்விட்டது. அவருக்கு வாஷர்தான், மாற்றியதும் சரியாகிவிட்டது.

பின்சேர்க்கை 2: ஸ்டீல் குடுவையில் மற்ற நாளில் காபி கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஸ்டீல் தப்பித்துவிடும், ரப்பர் வாஷர் அந்த வாசனையை விடாது. வேறு வழியில்லை என்றால் பீருக்கென்று தனி வாஷர் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: வாயில் சின்னதாகச் சில்லு பெயர்ந்த கண்ணாடிக் குடுவையைப் பயன்படுத்தலாமா என்று இன்னொருவர். கூடாது. மூடி சரியாக உட்காராது என்பது ஒன்று, அழுத்தம் ஏறும்போது உடைவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் என்பது மற்றொன்று. மாதம் ஒருமுறை விளிம்பையும் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறலோ விரிசலோ தெரிந்தால் அதை நிரப்பக் கொடுக்காதீர்கள்.